சம்பளத்தோடு ஒரு தீட்டு லீவு

என் அண்ணன் மூட்டை இழுத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை — போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

போடியில் ஒரு காதுகுத்து. மொய் வைத்து, சாப்பிட்டு, வெயில் தாழட்டுமே என்று அண்ணனின் ஏலக்காய்க் கடைக்குப் போனேன். மலையிலிருந்து வருகிற காயை வாங்கி, தரம் பிரித்து, எடை போட்டு அனுப்புகிற கடை. உள்ளே நுழைந்தால்... தராசுப் பக்கத்தில் அண்ணன்! வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கிறது. மூட்டையை இழுக்கிறார், மூச்சு வாங்குகிறார், தராசில் எண்ணைப் பார்க்கிறார், மறுபடியும் மூச்சு வாங்குகிறார்.

அறுபதைத் தாண்டியவர். கல்லாவை விட்டு எழுந்தால் கடையே கவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"என்னண்ணே இது? சுருளி எங்க?"

"லீவு."

"உடம்புக்கு என்ன?"

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். புள்ள பெத்திருக்கான்ல?"

ஏதோ சுருளியே பிரசவ வார்டில் படுத்துப் பெற்றது போலத்தான் சொன்னார். சுருளி அந்தக் கடையில் எடை போடுகிறவர். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

"அப்பச் சம்பளம்?"

அண்ணன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது பாட்டுக்கு ஓடும்."

நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் அண்ணனை நன்றாகத் தெரியும். பாதி வாரங்களை அவரைக் குறை சொல்லியே ஓட்டியிருக்கிறேன். ராகு காலத்தில் வந்தது என்று கேஸ் சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று வேளையும் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்ட குடும்பம் அது. அப்படிப்பட்டவரை இந்த வாரம் புகழ வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வேலை. அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் கடைச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கடை வேறு, கோயில் வேறு இல்லை. கடை திறந்ததும் லட்சுமி படத்துக்கு விளக்கேற்ற வேண்டும். காயைக் காலால் தொடக் கூடாது. வேலை செய்கிறவர்கள் வீட்டில் பிறப்போ இறப்போ நடந்தால், தீட்டுக் கழிகிற வரைக்கும் அவர்கள் கடை வாசலை மிதிக்கக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளமும் கிடையாது. வேலை பார்க்கவில்லை, சம்பளம் இல்லை, இதில் என்ன தப்பு என்பார்.

"தீட்டு சாமிக்காண்ணே, சம்பளத்துக்காண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். அந்தத் தீபாவளிக்கு எனக்குப் புடவை வரவில்லை.

இனி சுருளி. காலையில் கடை திறந்து லட்சுமிக்கு விளக்கேற்றுகிறவரும் அவர்தான். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. மனைவி ஜோதி உண்டானது தெரிந்ததும், வீரபாண்டி அம்மன் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். "புள்ள பெறக்கட்டும், கடை பூராம் லட்டுதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிள்ளை பிறந்தது. லட்டு வரவில்லை. செய்தியே வரவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பேச்சியம்மாள். அந்தக் கடையில் காயைத் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. கை காயைப் பொறுக்கிக்கொண்டிருக்கும், வாய் யாருக்கும் பயப்படாது. முதலாளியை வைத்துக்கொண்டே முதலாளியின் கதையைச் சொன்னார். அண்ணன் தராசுக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருந்தார்.

"மாசம் நெறையிறதுக்கு முன்னாடியே ஜோதிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்துருச்சுக்கா. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காக. ஆப்பரேசன் பண்ணித்தான் புள்ளைய எடுத்திருக்காக. பொம்பளப் புள்ள. உள்ளங்கையில அடங்குற மாதிரியாம். புள்ள கண்ணாடிப் பொட்டியில, ஜோதி வேற வார்டுல. இவன் என்னடான்னா, காலையில வந்து வெளக்கேத்திட்டுத் தராசுல நிக்கிறான்! ஜோதி எங்கடான்னா, 'அவுக அக்கா வீட்டுக்குப் போயிருக்கு'ங்கறான்."

ஏன் மறைத்தார்? சொன்னால் தீட்டு. தீட்டென்றால் வாசலை மிதிக்கக் கூடாது. வாசலை மிதிக்காவிட்டால் சம்பளம் இல்லை. மனைவி ஒரு வார்டிலும் பிள்ளை ஒரு வார்டிலும் கிடக்கிற நேரத்தில் சம்பளமும் நின்றுபோனால் அந்த மனிதர் எங்கே போவார்? பல வருஷம் தவம் கிடந்து பெற்ற பிள்ளையை, திருட்டுச் சரக்கை ஒளிக்கிற மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார்.

எத்தனை நாள் ஒளிக்க முடியும்? வேலை நேரத்தில் எல்லாரும் செல்போனை அணைத்து டிராயரில் போட்டுவிட வேண்டும் — இது அண்ணனின் இன்னொரு சட்டம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சுருளி ஆஸ்பத்திரியில் கடை நம்பரையும் கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் நர்ஸ் கடைக்கே அடித்துவிட்டார். எடுத்தது யார்? அண்ணன்தான்.

"சார், சுருளியோட வீட்டு ஆளுங்களா? குழந்தையப் பொட்டியில இருந்து வெளிய எடுத்தாச்சு. இனிமே யாராச்சும் நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டே இருக்கணும். அந்தச் சூட்டுலதான் எடை ஏறும். அம்மாவுக்கு இன்னும் எந்திரிக்க முடியல. அவங்க அக்கா அவங்களைப் பாத்துக்கிறாங்க. குழந்தைக்குத்தான் ஆள் இல்ல. அப்பா சாயந்தரம் மட்டும் வந்தாப் பத்தாது, பகல்லயும் வரச் சொல்லுங்க."

அண்ணன் போனை வைத்தார். கடை அதிர்ந்ததாம்.

"ஏலே சுருளி! புள்ள பெறந்து இம்புட்டு நாளாச்சா? தீட்டோடயா என் கடையில வெளக்கேத்துன? வெளிய போடா!"

கதை இந்த இடத்துக்கு வந்ததும் தராசுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "நான் 'போடா'ன்னு சொல்லலைத்தா. 'போ'ன்னுதான் சொன்னேன்."

"சொன்னீக மொதலாளி" என்றார் பேச்சியம்மாள், கையிலிருந்த காயை விட்டுக் கண்ணெடுக்காமல். "அதுக்கு மேலயும் சொன்னீக. அக்கா பத்திரிகையில எழுதிருவாகன்னு நான் அதோட நிப்பாட்டுறேன்."

அண்ணன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சுருளி தராசைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பேச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற பெண்களும் எழுந்தார்கள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கவா? தீட்டோட இவன் வெளக்கேத்துன நாள்லதான நம்ம காய்க்கு இந்த வருசத்துலயே நல்ல வெல வந்துச்சு? லட்சுமிக்குக் கோவம்னா நமக்குத் தெரிஞ்சிருக்காதா?"

அண்ணன் சாஸ்திரம் பேசி ஊரோடு வாதாடுவார், தங்கச்சியோடு வாதாடுவார். நல்ல விலையோடு எந்த வியாபாரி வாதாட முடியும்?

பேச்சியம்மாள் அதோடு விடவில்லை. அடுத்து அவர் கேட்டது புரிய வேண்டுமானால் எங்கள் கடை வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் காய் வண்டி வராது. தரம் பிரிக்க வந்த பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு முழுக் கூலி உண்டு. வரச் சொன்னது முதலாளி, வேலை கொடுக்காததும் முதலாளி... அப்புறம் அவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் அப்பா நடத்திய காலத்திலிருந்தே இப்படித்தான். இந்த விஷயத்தில் அண்ணன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"வரச் சொல்லி உக்கார வச்சாக் கூலி குடுக்குறீக. வராதன்னு உக்கார வச்சா மட்டும் கூலி கெடையாதாக்கும்? ரெண்டும் நீங்க சொல்லித்தான மொதலாளி நடக்குது?"

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. நான் அண்ணனின் நம்பிக்கையோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டிக் களைத்தவள். பேச்சியம்மாள் அந்த நம்பிக்கையின் பக்கமே போகவில்லை. தீட்டு உங்களோடது, வச்சுக்கங்க. சம்பளம் அவனோடது, குடுத்துருங்க. அவ்வளவுதான் வழக்கு! கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு யாராவது இவ்வளவு சுருக்கமாகப் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"அப்பறம் என்ன ஆச்சு?"

"என்னத்த ஆகுறது? மொதலாளி கல்லாவுல போயி உக்காந்தாக. காப்பி வாங்கியாரச் சொன்னாக. வந்துச்சு, குடிக்கல. பெறகு சுருளியக் கூப்புட்டு, 'அந்தம்மா போன்ல என்னமோ சூடுன்னுச்சே, அது என்னடா'ன்னாக."

சுருளி விம்மிக்கொண்டே சொல்லியிருக்கிறார். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு உடம்புச் சூடு தானாக நிற்காது. சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளையை நெஞ்சில் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சூடு குறைந்தால் பால் குடிக்காது, பால் குடிக்காவிட்டால் எடை ஏறாது. எடை ஏறினால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

அண்ணன் சின்ன வயதில் மலையில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பழகியவர். பச்சைக் காயை உள்ளே போட்டு அடுப்பு மூட்டிவிட்டால், காய்ந்து முடிகிற வரைக்கும் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். அவருக்கு இது பளிச்சென்று புரிந்துவிட்டது.

"ஏலே, ஸ்டோருல காயப் போட்டுட்டு எவனாச்சும் நடுவுல அடுப்ப அமத்துவானா? அங்கன புள்ளைய விட்டுட்டு இங்கன வந்து நிக்கிற? போடா... ஓடுடா!"

சுருளி வாசல் வரைக்கும் போய்த் தயங்கி நின்றாராம். பேச்சியம்மாள்தான் கேட்டார்: "மொதலாளி, சம்பளம்?"

"ஓடும், ஓடும்" என்றாராம் அண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல்.

அன்றிலிருந்து தராசில் அவரேதான் நிற்கிறார். தற்காலிகமாக வேறு ஆளைப் போடக் கூடாதா என்று மதினி கேட்டதற்கு, "புது ஆள் வந்துட்டா, தன் வேல போயிருச்சோன்னு அங்கன அவனுக்கு நெஞ்சு அடிச்சுக்கிரும். அந்த நெஞ்சுலதான் புள்ள கெடக்கு" என்றாராம். மதினிதான் இதை என்னிடம் சொன்னார். முப்பத்தைந்து வருஷமாக அண்ணனோடு குடித்தனம் நடத்துகிறவர். அவர் கண்ணில் நான் இப்படி ஒரு பெருமையைப் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"அண்ணே, கணக்குப் பாத்தாத் தீட்டு இந்நேரம் கழிஞ்சிருக்குமே? இன்னும் லீவு ஓடுது?"

அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்குற நாளு கணக்குல வராதுத்தா. புள்ள வீட்டுக்கு வந்து சேர்ற அன்னைக்கித்தான் தீட்டே ஆரம்பம்."

"இது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"நம்ம கடை சாஸ்திரம்."

"ஐயர்ட்டக் கேட்டீகளா?"

"அவரு என்ன மண்டியா நடத்துறாரு?"

கேஸ் சிலிண்டருக்கு நாள் பார்க்கிற மனிதர் சொல்கிறார் இதை! சட்டத்தை உடைக்க மனசு வரவில்லை, அதனால் நீட்டிக்கொண்டுவிட்டார். நீட்டியது சுருளியின் பக்கமாக என்பதுதான் விஷயம்.

வழி திறந்தால் பெண்கள் சும்மா விடுவார்களா? அன்றைக்கே அடுத்ததைக் கேட்டுவிட்டார்களாம். தரம் பிரிக்கிறவர்களில் யாராவது உண்டானால்? அதற்கும் தீட்டு லீவு — பிள்ளைக்குத் தலை நிற்கிற வரைக்கும், கூலியோடு. சரி, மாமியார் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டால்?

"அதுக்கு ஏதுத்தா தீட்டு?" என்றிருக்கிறார் அண்ணன்.

"தீட்டு இல்லாட்டி என்ன மொதலாளி? கஞ்சி ஊத்த ஆளு வேணும்ல?"

அண்ணன் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்திருக்கிறார். "சரி... அதையும் தீட்டுல சேத்துக்கிருங்க."

ஆக, இப்போது எங்கள் கடையில் மாமியாருக்குச் சர்க்கரை ஏறினாலும் தீட்டு லீவுதான். லீவின் பெயர் மாமியார்களுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பஜாரில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "நீங்க இப்பிடிப் பழக்கிவிட்டா எங்க ஆளுகளும் கேப்பாகளே" என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து வருத்தப்பட்டாராம். "கேக்கட்டும். அவுகளுக்கும் வீடு வாசல் இருக்குல்ல" என்றாராம் அண்ணன். யோசித்துப் பாருங்கள். வியாபார விஷயத்தில் பக்கத்துக் கடைக்காரர் சொல்லை அவர் இதுவரை தட்டியதே இல்லை.

என் மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். பேரன் பிறந்தபோது அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். எங்கள் சொந்தபந்தம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஆம்பளைக்கு எதுக்கு லீவு? பாலா குடுக்கப் போறாரு?" எல்லாரும் கேட்கிற கேள்விதான். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். பால் இல்லாவிட்டால் என்ன, நெஞ்சு இருக்கிறதே?

அரசாங்க வேலையில் இருக்கிறவர்களுக்கு லீவு உண்டு. பெரிய கம்பெனிகளில் உண்டு. திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவளுக்கு? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறவளுக்கு? ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை மடிக்கிறவனுக்கு? லீவுச் சட்டம் பஸ் ஏறிவிட்டது என்று சொல்கிறார்கள். எங்கள் ஸ்டாப்பில் இறங்கி நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளை பிறப்பதும் பெரியவர்கள் படுக்கையில் விழுவதும் மட்டும் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டா வருகிறது?

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினி ஜோதிக்குப் பத்தியக் குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தார். ஜோதி இப்போது எழுந்து உட்கார்கிறாள். அன்றைக்குக் காலையில் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்ப் பிள்ளையைக் காட்டியிருக்கிறார்கள். "அவுக அப்பா மேலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்குக்கா. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று குறை சொன்னாள். அப்படி ஒரு சந்தோஷமான குறையை நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் என்னைக் கை கழுவச் சொல்லி, தள்ளி நிற்கச் சொல்லி, கொஞ்ச நேரம் என்று விட்டார்கள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அம்மாக்கள், சித்திமார்கள்... நடுவில் ஒரே ஓர் ஆம்பளையாகச் சுருளி. நெஞ்சில் சுற்றிய துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கம்பளிக் குல்லா மட்டும் தெரிந்தது.

"மொதலாளி இன்னும் கோவமா இருக்காகளாக்கா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"கோவப்பட அவருக்கு ஏதுப்பா நேரம்? மூட்டை இழுத்துக்கிட்டு இருக்காரு."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. குலுங்கினால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று உதட்டைக் கடித்து அடக்கினார். அடுத்த நிமிஷமே முகம் வாடிவிட்டது. "அவுகளுக்கு இடுப்பு வலி உண்டேக்கா. நான் வேணா ஒரு எட்டுப் போயிட்டு..."

"நீ அசையாத."

பிள்ளைக்கு எடை ஏறுகிறதா என்று கேட்டேன். "ஏறுதுக்கா. தெனமும் பாக்குறாக. மொத நாளு மட்டும், தராசு சைபர்ல நிக்கிதான்னு நான் பாத்துட்டுத்தான் புள்ளைய வைக்க விட்டேன்." பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு அவள் கணவர் டிபன் கேரியர் கொண்டு வந்திருந்தார். மில் வேலைக்காரர். ஷிப்டு மாற்றிக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தவர். உடனே திரும்பவும் ஓட வேண்டும். தன் பிள்ளையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, போக மனசில்லாமல் சுருளியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எந்நேரமும் இங்கனயே இருக்கீகளாமே, வீட்டுல சொல்லிச்சு. வேலைக்குப் போகலையாண்ணே?"

"லீவுப்பா."

"சம்பளம்?"

"உண்டு."

அந்த மனிதர் வாயைப் பிளந்துவிட்டார். "எந்தக் கம்பெனிண்ணே? ஐ.டி.யா? மெட்ராஸா, பெங்களூரா?"

சுருளி, பிள்ளையின் முதுகில் வைத்திருந்த கையை எடுக்காமல், தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"போடியில ஏலக்காய்க் கடைப்பா. எங்க மொதலாளி கொஞ்சம் பழைய காலத்து ஆளு."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் சொன்னேன் — கொஞ்சம் சத்தமாகவே:

"நான் அவரு தங்கச்சி."